தாய் உணவும் தாயின் உணவும்

"யாருடைய தாய் சமைக்கிறாள், சாமி?"

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், 'இங்கு தாய் உணவு கிடைக்கும்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்த பலகையை எழுத்துக் கூட்டிப் படித்த மூதாட்டி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அது தாய்லாந்து என்னும் நாட்டின் உணவு என்று அவருடைய பேத்தி சிரித்துக்கொண்டே விளக்கினாள். "அப்படியா? எவளோ ஒரு புண்ணியவதி வீட்டுச் சாப்பாடு போடுகிறாள் என்றல்லவா நினைத்தேன்!" என்றார் மூதாட்டி. எல்லாரும் நகைத்தோம். அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்கு எங்களுக்குச் சிரிக்க வேறொன்றும் வாய்க்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். சென்ற கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த வாரம் அது. எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு கட்டட மேஸ்திரியின் மகள் சென்னையில் வேலைக்கு அமர்ந்து, முதல் சம்பளத்துடன் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தாள். பெற்றோரையும் தம்பியையும் ஆயாவையும் வெளியே அழைத்துச் சென்று விருந்தளிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "நீங்களும் வரவேண்டும், ஃபாதர்" என்று என்னையும் அழைத்தாள். ஏன் தாய்லாந்து உணவு என்று கேட்டேன். அவள் சொன்ன காரணம் என் மனத்தைத் தொட்டது.

"அங்கே என்ன சாப்பிடுகிறாய், எப்படி இருக்கிறாய் என்று அம்மா தினமும் தொலைபேசியில் கேட்கிறார்கள். சொன்னால் புரிவதில்லை. உடன் வேலை செய்பவர்களோடு ஒரு நாள் இந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன், மிகவும் பிடித்துப்போயிற்று. அம்மாவும் ஒரு முறை சாப்பிட்டுப் பார்த்தால், நான் இருக்கும் இடம் கொஞ்சம் புரியுமல்லவா?"

ஆக, அந்தப் பெண் வாங்கித்தர விரும்பியது வெறும் இரவு உணவன்று. தான் புதிதாய் நுழைந்திருக்கும் உலகத்தில் ஒரு கவளத்தை எடுத்துத் தாயின் கையில் வைக்க விரும்பினாள்.

ஆறு பேர், ஆறு வேளை

கோவில் நகரமாகிய திருவண்ணாமலையில் தாய்லாந்து உணவுக்கு என்ன வேலை என்று வெளியூர் வாசகர்கள் வியக்கலாம். 1896-ல் இவ்வூருக்கு வந்து 1950-ல் மறைந்த ரமண மகரிஷியைப் பற்றி, பால் பிரண்டன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய நூல் 1934-ல் வெளிவந்தது. அன்று தொடங்கி மேனாட்டார் வருகை ஓயவில்லை. மார்கழிக் குளிரோடு வந்து, பங்குனி வெயிலுக்கு முன் புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காக ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பல நாட்டு உணவுகளையும் தருவதாகச் சொல்லும் கடைகள் முளைத்துள்ளன. மலைவலம் வரும் பாதையை அடுத்த பகுதியாதலால் அவற்றுள் பல சைவ உணவகங்கள். நாங்கள் சென்றதும் அத்தகைய ஒன்றே.

உணவுப் பட்டியல் ஒரு சிறு புத்தகம் போல இருந்தது. இத்தாலி, இஸ்ரேல், சீனம், மெக்சிகோ, பஞ்சாப் என்று நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள். அவற்றின் நடுவே தாய்லாந்துக்கு ஒரு பக்கம். பெண் ஆர்வத்துடன் தேர்ந்தெடுத்தாள். தோம் யம் என்னும் புளிப்புச் சாறு, பச்சைக் கறி, பத் தாய் என்னும் வறுத்த நூடுல்ஸ், சோறு.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். முதலில் தம்பிக்கு மட்டும் நூடுல்ஸ் வந்தது. அவன் உண்டு முடித்தபின் ஆயாவுக்குச் சாறு வந்தது. அதன்பின் எனக்குக் கறி, சோறில்லாமல். சோறு வந்தபோது கறி ஆறியிருந்தது. மேஸ்திரியின் தட்டு கடைசியாக வந்தது. ஆறு பேரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஆறு வேளையில் உண்டோம். போதாக்குறைக்கு, ஆளுக்கிரண்டு குச்சிகளை வைத்துச் சென்றார்கள். ஆயா அவற்றைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, மரியாதையோடு ஓரமாக வைத்தார்.

சுவையைப் பற்றி என்ன சொல்ல? சாற்றில் தக்காளிச் சாஸின் இனிப்பும் எலுமிச்சம்பழமும் இருந்தன, மணம் இல்லை. பச்சைக் கறி என்பது சோளமாவு கரைத்துக் கெட்டியாக்கிய தேங்காய்ப் பால், பச்சை நிறம் குடைமிளகாயால் வந்தது. நூடுல்ஸைப் பற்றி, "சேமியா உப்புமாவில் சாஸை ஊற்றியதுபோல் இருக்கிறது" என்று தம்பி தீர்ப்பளித்தான். மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை, பட்டியலின் வலப்பக்கத்து எண்களை மட்டும் மனக்கணக்காய்க் கூட்டிக்கொண்டிருந்தார் என்பதை அவர் முகம் காட்டிற்று. தாய் மட்டும் தட்டைத் துடைத்தாற்போல் உண்டு முடித்து, "நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணு" என்றாள். மகள் தலை நிமிரவே இல்லை. சாப்பிட்டுப் பழகிய அவளுக்குத்தானே தெரியும், இது அதுவன்று என்று!

ஆயாவின் கேள்வி

அப்போது ஆயா பரிமாறும் பையனை அழைத்தார். "ஏம்ப்பா, இதைச் சமைத்த பிள்ளை இதைச் சாப்பிட்டானா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தன் வீட்டு மருமகளைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

பையன் விழித்தான். உள்ளே போய்ச் சமையற்காரரையே அழைத்து வந்துவிட்டான். இருபத்தைந்து வயதிருக்கும், வடமாநிலத்து இளைஞர். இவ்வூரில் மூன்றாண்டு இருந்து கற்ற தமிழில், தயங்கித் தயங்கிப் பேசினார். தாய்லாந்து உணவை அவர் ஒரு நாளும் உண்டதில்லை. கைப்பேசியில் படம் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். புட்டியில் வரும் மசாலா விழுதும் தீர்ந்து பல நாளாயிற்று. கேட்டால் இருப்பதைக் கொண்டு செய் என்பார்கள்.

"அப்படியானால் இரவில் நீ என்ன சாப்பிடுவாய்?" என்றார் ஆயா.

"பருப்பு, சோறு. எனக்கு மட்டும் பின்னால் வைத்துக்கொள்வேன், அம்மா."

"அதையே எங்களுக்கும் கொடுத்திருக்கலாமே!"

அந்த இளைஞர் முதன்முறையாகச் சிரித்தார். உள்ளே சென்று ஒரு கிண்ணத்தில் தம் பருப்பைக் கொண்டுவந்து ஆயாவின் முன் வைத்தார். கடுகெண்ணெயில் சீரகமும் வரமிளகாயும் தாளித்த மசூர் பருப்பு. ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்கொண்டோம். அன்றிரவு ஆறு பேரும் ஒரே நேரத்தில் உண்ட ஒரே பண்டம் அதுதான். யாரிடம் கற்றாய் என்று கேட்டதற்கு, "என் அம்மாவிடம்" என்றார். பலகையில் எழுதியிருந்தது பொய்யன்று என்று ஆயா மகிழ்ந்தார்.

கணக்குச் சீட்டு 2,740 ரூபாய். பருப்புக்கு அதில் விலை போடவில்லை.

எது தாய்லாந்து உணவு?

இந்த விருந்தைக் கொண்டு அந்நாட்டு உணவை எடைபோடுவது பெருந்தவறாகும். வீடு திரும்பியபின் ஆவலால் பலவற்றைத் தேடிப் படித்தேன், முன்பு அறிந்தவற்றையும் நினைவுபடுத்திக்கொண்டேன். நம் இல்லத்தரசியர்க்கு அவை வியப்பளிக்கும்.

தாய்லாந்து மக்கள் அன்றாடச் சோற்றைக் குச்சியால் உண்பதில்லை. கரண்டியும் முள்ளும் கொண்டு உண்கிறார்கள். குச்சி பெரும்பாலும் நூடுல்ஸுக்கு மட்டுமே. வடகிழக்கு மாநிலங்களில் பசையரிசிச் சோற்றை நம்மைப்போல் கையால் உருட்டி உண்கிறார்கள். இதனினும் முக்கியமானது, அங்கே ஆளுக்கொரு தட்டாக உணவு வருவதில்லை என்பது. சோறு அவரவர்க்கு, கறியும் சாறும் பொரியலும் நடுவே எல்லார்க்கும் பொது. எல்லாம் ஒன்றாக வரும், எல்லாரும் ஒன்றாக எடுப்பார்கள். கூடியுண்ணும் குடும்பத்துக்கென்றே அமைந்த உணவு முறை அது. அதைத் துண்டுதுண்டாக்கிப் பரிமாறினால் பாதிச் சுவை அங்கேயே போய்விடுகிறது.

சமைக்கும் முறையும் நமக்கு அந்நியமன்று. பச்சைக் கறிக்கு நிறம் தருவது பச்சை மிளகாய். அதனுடன் பூண்டு, சிறு வெங்காயம், கொத்தமல்லி வேர், எலுமிச்சம்புல், பேரரத்தை ஆகியவற்றைக் கல்லுரலில் இடித்து விழுதாக்குகிறார்கள். முதலில் கெட்டித் தேங்காய்ப் பாலை எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி, அதில் விழுதை மணம் வர வதக்கி, பிறகே இரண்டாம் பாலை ஊற்றுகிறார்கள். சோளமாவுக்கு அங்கே இடமே இல்லை. பத் தாயின் சுவை புளி, பனைவெல்லம், மீன் சாறு என்னும் மூன்றில் நிற்கிறது. நூடுல்ஸ் உண்ணும் வழக்கத்தை நாடெங்கும் பரப்பியவர், 1938-ல் பிரதமரான பிபுன் சொங்க்ராம். இறால் சேர்த்த தோம் யம் சாற்றை யுனெஸ்கோ நிறுவனம் 2024-ல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இனி, நான் வியந்த செய்தி ஒன்றுண்டு. இப்பொருள்களில் எத்தனை நம் வாசலிலேயே கிடக்கின்றன! அந்நாட்டார் கறியில் தூவும் பசிலிக் கீரை நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம். மற்றொன்று நம் துளசியே. பேரரத்தை உலர்ந்த வடிவில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. அவர்கள் சாற்றில் இடும் நறுமண எலுமிச்சை இலை நம்மிடம் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும் இடித்து வேப்பிலைக்கட்டி செய்யத் தெரிந்த நமக்கு அந்த மணம் புதிதன்று. புளியும் தேங்காயும் பனைவெல்லமும் சொல்ல வேண்டியதில்லை.

சைவ உணவகத்தில் மீன் சாறு ஊற்ற முடியாதே என்பார்கள். உண்மைதான். நெத்திலி போன்ற சிறுமீன்களை உப்பிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் அந்தச் சாறு, தாய்லாந்துச் சமையலின் உப்பு. ஆயினும் அங்கேயே 'ஜே' என்னும் சைவ உணவு மரபு உண்டு. புகேத் தீவில் ஆண்டுதோறும் ஒன்பது நாள் சைவ விழா நடைபெறுகிறது. மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் மீன் சாற்றுக்குப் பதில் சோயாச் சாற்றைக் கொண்டு சமைக்கிறார்கள். ஆகவே சைவம் ஒரு தடையன்று.

பின் எது தடை? பொருளும் தொலைவும் தடையல்ல. அந்த இளைஞர் அச்சுவையை ஒரு முறையேனும் நாவில் அறியவில்லை என்பதே தடை. உண்டறியாததை எவரும் சமைக்க இயலாது. சுவை படத்தின் வழியாகப் பரவுவதன்று. ஒரு கை ஊட்ட, ஒரு வாய் உண்டு, பின் அந்த வாய்க்குரியவர் கை மற்றொருவருக்கு ஊட்ட, அவ்வாறே தலைமுறை தலைமுறையாக வருவது. நூறு நாட்டு உணவை ஒருவர் தலையில் சுமத்தி, ஒன்றையும் உண்ணக் கொடுக்காதவர்கள் மீதுதான் என் வருத்தம், அந்தப் பிள்ளை மீதன்று.

இவ்வூருக்கும் அந்நாட்டுக்கும்

கைக்குக் கை சுவை மாறிச் செல்வதற்குத் தாய்லாந்து வரலாறே சான்று. அமெரிக்கக் கண்டத்து மிளகாயைப் போர்த்துக்கீசியர் கடல் கடந்து கொண்டுவரும்வரை, அவர்களுக்கும் நமக்கும் காரம் தந்தது மிளகு. புதுக் காய் வந்ததும் நாம் அதை மிளகாய் என்றோம். அவர்களும் மிளகின் பெயராகிய 'பிரிக்' என்பதையே அதற்குச் சூட்டிவிட்டு, பழைய மிளகைத் 'தாய் பிரிக்' என்னும் பொருள்படப் 'பிரிக் தாய்' என்று பிரித்தழைத்தார்கள்.

நம் சபையின் மகள் ஒருத்திக்கும் இக்கதையில் இடமுண்டு. மரியா கியோமார் என்பவர், சியாம் நாட்டின் பழைய தலைநகராகிய ஆயுத்தயாவில் வாழ்ந்த கத்தோலிக்கப் பெண்மணி. சப்பானிய, போர்த்துக்கீசிய, வங்க வழிகள் கலந்த குடும்பத்தவர். அரசவையில் உயர்பதவி வகித்த அவருடைய கணவர் கான்ஸ்டன்டைன் ஃபால்கன் 1688-ல் கொல்லப்பட்டார். துன்பங்கள் பல கண்ட அக்கைம்பெண் பிற்காலத்தில் அரண்மனைச் சமையற்கட்டில் பணியாற்றினார். முட்டைக் கருவைச் சர்க்கரைப் பாகில் நூலாக இழுத்துச் செய்யும் 'ஃபோய் தோங்' என்னும் இனிப்பை அவரே அறிமுகப்படுத்தினார் என்பது தாய்லாந்து மக்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. மலபார் முஸ்லிம் இல்லங்களில் செய்யும் முட்டைமாலை இதன் உடன்பிறப்பு.

ஆயுத்தயாவில் 1665-ல் தொடங்கப்பட்ட குருமடம், போர்களாலும் கலகங்களாலும் இடம்பெயர்ந்து, 1770-ல் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்துக்கு வந்து சில ஆண்டுகள் நடந்தது. கீழை நாடுகளிலிருந்து வந்த அக்குருமாணவர்கள் நம் கடற்கரையில் எதை உண்டார்களோ, தங்கள் தாயின் சமையலை எண்ணி எத்தனை இரவு ஏங்கினார்களோ என்று நினைத்துப் பார்க்கிறேன்.

திருவண்ணாமலைக்கே உரிய தொடர்பு ஒன்றும் உண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இவ்வூரில் பாடினார் என்பது சைவ மரபு. பாங்காக் நகரில் அரண்மனை அந்தணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் விழாவின் பெயர் 'திரியம்பவாய் திரிபவாய்'. திருவெம்பாவை, திருப்பாவை என்னும் பெயர்களே அவ்வாறு திரிந்தன. அவ்விழாவுக்காக 1784-ல் நிறுவிய மாபெரும் ஊஞ்சலில் ஆடும் வழக்கம் 1935-ல் நின்றுபோயிற்று. கோவிலினுள் வழிபாடு தொடர்கிறது. இந்த மலையடிவாரத்துப் பாடல் அவ்வளவு தொலைவு சென்று நிலைத்திருக்க, அந்நாட்டுச் சாறு ஒன்று இங்கு வந்து சேரமுடியாதா என்ன?

ஞாயிற்றுக்கிழமைச் சமையல்

அடுத்த ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் மேஸ்திரியின் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பெண் மருந்துக் கடையில் பேரரத்தை வாங்கி, ஆயாவின் அம்மியில் விழுது அரைத்து, தாயுடன் சேர்ந்து பச்சைக் கறி வைத்திருந்தாள். உலர்ந்த அரத்தையை அளவு தெரியாமல் போட்டதால் முதற்சட்டி கஷாயமாகிவிட்டதாம். "இருமல் மருந்து" என்று தம்பி ஓடியிருக்கிறான். இரண்டாம் சட்டியில் அரத்தையைக் குறைத்து, நாரத்தை இலையைக் கிள்ளிப் போட்டு, கருவாட்டுத் துண்டொன்றை நசுக்கிச் சேர்த்திருந்தார்கள். அது ஆயாவின் யோசனை. எல்லாவற்றையும் நடுவில் வைத்து ஒன்றாக உண்டோம்.

"இது அங்கே சாப்பிட்டதுபோல் இருக்கிறதா?" என்று தாய் கேட்டாள்.

"பாதிகூட இல்லை அம்மா. ஆனால் அந்த வாசனை கொஞ்சம் வருகிறது" என்றாள் மகள்.

"எனக்குக் காரம் போதவில்லை. தேங்காய்ப் பால் திகட்டுகிறது" என்றாள் தாய்.

மகளின் முகம் மலர்ந்தது. நான் காரணம் புரியாமல் பார்த்தேன். சென்னைக்குப் புறப்படும் முன் பங்கு இல்லத்துக்கு வந்தபோது அவளே சொன்னாள்: "அன்றைக்குச் சாப்பாடு மோசமாக இருந்தது கூடப் பெரிதில்லை, ஃபாதர். அம்மா நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களே, அதுதான் வலித்தது. விருந்தாளியிடம் சொல்வதுபோல் என்னிடம் சொன்னார்கள். வீட்டில் திகட்டுகிறது என்று சொன்னபோதுதான் நான் மறுபடி வீட்டுப் பிள்ளை ஆனேன்."

எத்தனையோ குடும்பங்களோடு பழகிய நான் இதை அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. மனம் நோகக் கூடாதென்று சொல்லும் இனிய பொய், சில வேளைகளில் பிள்ளைகளை எட்ட நிறுத்திவிடுகிறது.

அதனால் நானும் ஒன்று செய்தேன். அந்த உணவகத்தின் உரிமையாளரைச் சந்தித்து, நடந்ததைப் பக்குவமாக எடுத்துரைத்தேன். அவர் சினக்கவில்லை. "வாடகை ஆண்டு முழுதும், வியாபாரம் நான்கு மாதம், சாமி. வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், அதனால் எல்லாம் எழுதிவைத்தேன். ஒருவரும் குறை சொல்வதில்லை, மறுபடி வருவதுமில்லை" என்றார். அந்தப் பருப்பைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். "சேர்க்கலாம்" என்றார். சேர்த்தாரா என்று இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

வாசகப் பெருமக்களே, புதிய உணவகத்துக்குக் குடும்பத்தோடு செல்லுங்கள், பிற நாட்டு உணவையும் சுவைத்துப் பாருங்கள். ஆனால் பட்டியலைத் திறக்கும் முன், பரிமாறுபவரை அருகழைத்து ஆயாவின் கேள்வியைச் சற்று மாற்றிக் கேளுங்கள்: "தம்பி, சமைக்கிறவர் இதில் எதை விரும்பிச் சாப்பிடுவார்?" அவர் சொல்வதை வாங்கி, நடுவில் வைத்து, எல்லாரும் ஒன்றாக உண்ணுங்கள். பிள்ளைகள் எப்படி இருக்கிறது என்று கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள்.